கல்யாண சிடி, பழைய லேப்டாப், கொஞ்சம் லினக்ஸ்

மக்களே, இது நீளமான இழை. மருந்து மாத்திரை பத்தி இல்ல. வீட்டு பீரோவுல தூங்குற கல்யாண சிடி, ஞானஸ்நான டிவிடி, காதுகுத்து கேசட் இதையெல்லாம் எப்படி உருப்படியா கம்ப்யூட்டருக்கு மாத்துறது, அதுக்காக லினக்ஸ் எப்படி கத்துக்கிறதுன்னு எழுதுறேன். டாக்டருக்கு இது எதுக்குன்னு கேட்பீங்க. நைட் டூட்டி முடிஞ்சா எனக்கு இதுதான் பொழுதுபோக்கு. வார்டுல விஷயம் தெரிஞ்சுபோச்சு. இப்போ பிபி பார்க்க வர்றவங்க பையில மருந்துச் சீட்டோட ஒரு சிடி கவரும் இருக்கு.

ஏன் இப்போ எழுதுறேன்னா ரெண்டு காரணம். 2023 டிசம்பர் 17, 18-ல பெய்ஞ்ச மழையை தூத்துக்குடிக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட பெய்ஞ்சது. கீழ்வீட்டுல இருந்த ஆல்பம், கேசட், சிடி எல்லாம் நனைஞ்ச குடும்பங்கள் ஏராளம். "அப்புறம் பார்ப்போம்"னு எடுத்து வெச்ச சிடி இன்னும் பல வீட்டுல அப்படியேதான் இருக்கு. ரெண்டாவது, 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பை எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பணுமோன்னு நினைக்கிறாங்க. வேணாம். டிவிடி டிரைவ் இருக்கிற கடைசித் தலைமுறை லேப்டாப் அதெல்லாம். இந்த வேலைக்கு அதைவிட நல்ல மெஷின் கிடையாது.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

எம்பி4, எம்கேவி, ஏவிஐன்னு நாம சொல்றது எல்லாம் பாட்டில். உள்ள இருக்கிற மருந்து வேற. அந்த மருந்துக்குப் பேரு கோடெக். எம்பெக்-2, எச்.264, எச்.265, ஏவி1 இதெல்லாம் கோடெக். ஏவிஐ-ன்னு இருக்கிற பெயரை எம்பி4-ன்னு மாத்தி எழுதுனா லேபிள்தான் மாறும், மருந்து மாறாது. "டிவியில ஓடலை சார்"னு வர்ற பத்துப் புகார்ல பாதி இந்த லேபிள் வைத்தியம் பண்ணினதுதான்.

அதனால எதையும் மாத்துறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. விஎல்சி பிளேயர்லயும் டூல்ஸ் மெனுவுல கோடெக் தகவல் பார்க்கலாம். டெஸ்ட் எடுக்காம ஆன்டிபயாடிக் எழுதாதேன்னு எங்களுக்குச் சொல்ற மாதிரிதான்.

உள்ள இருக்கிற கோடெக் சரியா இருந்து பாட்டில் மட்டும் தப்புன்னா, வீடியோவை மறுபடி சமைக்கவே வேணாம். பாட்டிலை மட்டும் மாத்தலாம். உதாரணம்: 2013-ல பனிமய மாதா தங்கத்தேர் அப்போ கேம்கார்டர்ல எடுத்த வீடியோ நிறைய பேர் வீட்டுல எம்டிஎஸ் கோப்பா கிடக்கு. உள்ள இருக்கிறது பெரும்பாலும் எச்.264-தான். அதை எம்கேவி பாட்டிலுக்கு மாத்த சில நொடிதான் ஆகும், தரம் ஒரு புள்ளிகூட குறையாது. ஏதோ ஒரு கன்வெர்ட்டர்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டா, மணிக்கணக்குல கரண்ட் செலவாகும், படமும் மங்கும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுக்கிற கதை.

இந்த வேலைக்கு உலகம் முழுக்க பின்னணியில ஓடுறது எஃப்எஃப்எம்பெக். 2000-ல பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெலார்ட் ஆரம்பிச்சது. நீங்க காசு குடுத்து வாங்குற கன்வெர்ட்டர் பலதுக்கு உள்ள இதுதான் இருக்கும், மேல கலர் பட்டன் மட்டும் அவங்களோடது. லினக்ஸ்ல இது இலவசமா, ஒரே வரியில வந்து இறங்கும்.

கமாண்ட் எப்படி இருக்கும்னா, முதல்ல எஃப்எஃப்எம்பெக்-னு பேரு. அடுத்து மைனஸ் ஐ, அதுக்குப் பக்கத்துல மூலக் கோப்பு பேரு. அடுத்து மைனஸ் சி, காப்பி. கடைசியா புதுக் கோப்பு பேரு, எம்கேவி-ன்னு முடியணும். அவ்வளவுதான். நான் காதுக்குக் கேட்கிற மாதிரி எழுதுறேன், அடிக்கும்போது ஆங்கிலத்துல அடிங்க. ஐ-ன்னா இன்புட், சி-ன்னா கோடெக், காப்பின்னா உள்ள கை வைக்காதே. மூணு வார்த்தைக்கும் அர்த்தம் தெரிஞ்சா மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல.

சரி, டிவிடிக்கு வருவோம். (நான் சொல்றது வீட்டு நிகழ்ச்சி டிவிடி. கடையில வாங்குன சினிமா டிவிடி பூட்டு போட்டது, அதுக்கு வேற சட்டம் இருக்கு, அந்தப் பக்கம் போகலை.)

டிவிடியை நேரா கன்வெர்ட்டர்ல போடாதீங்க. முதல்ல அதை அப்படியே முழுசா ஒரு ஐஎஸ்ஓ கோப்பா ஹார்ட்டிஸ்க்ல இறக்குங்க. பழைய டிஸ்க் ஒவ்வொரு தடவை சுத்தும்போதும் அதுதான் கடைசித் தடவையா இருக்கலாம். கீறல் விழுந்த டிஸ்க்கை கன்வெர்ட்டர்ல போட்டா, கெட்ட இடம் வந்ததும் அதே இடத்துல முட்டிக்கிட்டு நிக்கும், டிரைவ் உறுமும், கடைசியில எல்லாம் போச்சுன்னு கைவிரிக்கும்.

இதுக்கு லினக்ஸ்ல ஒரு அருமையான கருவி, டிடிரெஸ்க்யூ. மின்ட், உபுண்டுல நிறுவும்போது பொதியோட பேரு முன்னாடி ஒரு ஜி சேர்ந்து ஜிடிடிரெஸ்க்யூ-ன்னு இருக்கும், கமாண்ட் பேரு டிடிரெஸ்க்யூ-தான். இது செய்யுற வேலை அப்படியே எங்க கேஷுவாலிட்டி மாதிரி. பஸ் விபத்துன்னா முதல்ல யாரைக் காப்பாத்த முடியுமோ அவங்களைப் பார்ப்போம்ல? டிடிரெஸ்க்யூவும் நல்லா இருக்கிற பகுதியை எல்லாம் முதல்ல அள்ளிடும், கெட்ட இடத்தைத் தாண்டிப் போயிடும். எது கிடைச்சுது, எது கிடைக்கலைன்னு ஒரு மேப் கோப்புல குறிச்சு வைக்கும். அப்புறம் திரும்பி வந்து கெட்ட இடத்தை மட்டும் பொறுமையா சுரண்டும். நடுவுல கரண்ட் போனாலும் பரவாயில்ல, மேப் இருக்கிறதால விட்ட இடத்துல இருந்து தொடரும்.

ரெண்டு சுற்றா ஓட்டுங்க. முதல் சுற்றுல மைனஸ் பி 2048, மைனஸ் என், அப்புறம் டிரைவ் பேரு (பெரும்பாலும் தேவ் சாய்கோடு எஸ்ஆர்0), ஐஎஸ்ஓ பேரு, மேப் பேரு. ரெண்டாவது சுற்றுல மைனஸ் என் எடுத்துட்டு மைனஸ் டி, மைனஸ் ஆர்3 போடுங்க. ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொரு டிரைவ் படிக்கும். அதே மேப்பை எடுத்துட்டு நண்பர் லேப்டாப்புக்குப் போய் தொடரலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

போன வருஷம் திரேஸ்புரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி வந்தாரு. ஹார்பர்ல லாரி ஓட்டுறவரு. அவங்க அப்பா சங்கு குளிக்கப் போனவரு, இப்போ உயிரோட இல்ல. போட்டோ இருக்கு. ஆனா அவர் நடந்து, பேசி இருக்கிறது அக்கா கல்யாண டிவிடியில மட்டும்தான், 2009-ல எடுத்தது. அதுவும் மழைத் தண்ணியில கிடந்து எடுத்தது. "கடையில காட்டினேன் சார், ரீட் ஆகலைனுட்டாங்க. அம்மா தினமும் கேக்காங்க." நல்ல தண்ணியில கழுவி, நிழல்ல காயவெச்சு, டிடிரெஸ்க்யூ போட்டேன். முதல் சுற்றுல பெரும்பகுதி வந்துடுச்சு. மிச்சத்துக்கு ரெண்டு ராத்திரி ஓடுச்சு. கடைசியிலயும் சில இடம் வரலை. தாலி கட்டுற இடத்துல படம் கட்டம் கட்டமா உடையுது. ஆனா பந்தியில அவங்க அப்பா நிக்கிற இடம் முழுசா இருந்துச்சு. வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு, கேமராவைப் பார்த்து "போட்டோக்காரரே, மொதல்ல நீரு சாப்பிடும், அப்புறம் எடும்"ங்காரு. நாப்பது நொடி இருக்கும். அந்தத் தம்பி டூட்டி ரூம்ல நின்னபடியே நாலு தடவை பார்த்தாரு. அஞ்சாவது தடவை அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரை லேப்டாப் பக்கத்துல வெச்சாரு.

நம்ம ஊர்ல இது கொஞ்சம் கூடுதல் முக்கியம்னு நான் நினைக்கிறேன். இந்தக் கடல்ல அரசு நடத்துன பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னுபோச்சு. அதுல மூழ்கினவங்க பேச்சு யார் வீட்டு வீடியோவுலயோ ஒரு ஓரத்துல இருக்கலாம். பந்தி, தேர், வள்ளம் இறக்குற நாள்னு.

நனைஞ்ச டிஸ்க் பத்தி கேட்டீங்க. உப்புத் தண்ணி, சேறு பட்டிருந்தா சுத்தமான தண்ணியில அலசுங்க. துடைக்கும்போது வட்டமா துடைக்காதீங்க, நடுவுல இருந்து வெளிப்பக்கம் நேர்க்கோட்டுல துடைங்க. தடம் வட்டமா ஓடுறதால, வட்டமா ஒரு கீறல் விழுந்தா தொடர்ச்சியா நிறைய தகவல் போகும். குறுக்குக் கீறலை டிரைவ் சமாளிச்சுக்கும். இன்னொண்ணு, சிடியில மின்னுற பக்கத்தைவிட பேரு எழுதியிருக்கிற மேல்பக்கம்தான் மென்மையானது. தகவல் இருக்கிற படலம் அந்தப் பக்கத்து வார்னிஷுக்கு உடனே கீழதான் இருக்கு. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா பிய்க்காதீங்க, படலமும் சேர்ந்து வந்துடும். டிவிடியில படலம் ரெண்டு தகட்டுக்கு நடுவுல இருக்கிறதால கொஞ்சம் தேவலை.

விசிடி வேற ஜாதி. 2000-கள்ல கல்யாணத்துக்கு மூணு டிஸ்க் செட்டா குடுப்பாங்களே, அது. எம்பெக்ஏவி-ன்னு ஃபோல்டர், உள்ள டாட்-ன்னு முடியுற கோப்பு. லினக்ஸ்ல இதை சும்மா காப்பி பண்ணினா இன்புட் அவுட்புட் எரர்னு வரும், டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதீங்க. விசிடியில வீடியோ எழுதுற முறையே வேற, சாதாரண காப்பிக்கு அது பிடிபடாது. விசிடிஇமேஜர்-ங்கிற பொதியை நிறுவினா அதுல விசிடிஎக்ஸ்ரிப்-னு ஒரு கருவி வரும், அது அழகா எம்பெக் கோப்பா எடுத்துக் குடுக்கும். படம் 352-க்கு 288 புள்ளிதான். பெரிய டிவியில பார்த்து "கிளியர் இல்லையே"ன்னு வருத்தப்படாதீங்க. அதை 1080-க்கு பெருசாக்கித் தர்றேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. எக்ஸ்ரேயை ஜெராக்ஸ் கடையில பெருசாக்குனா எலும்பு முறிவு கூடுதலா தெரியாது.

விஎச்எஸ் கேசட்டுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஜன்னல் வழியா பாருங்க, டேப் ஓரத்துல வெள்ளையா பொடி மாதிரி இருந்தா அது பூஞ்சை. நம்ம கடற்கரை ஈரத்துக்கு சகஜம். அதை பிளேயர்ல போட்டா ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுற கேசட்டுக்கும் பரவும். மாஸ்க் போடாம தட்டாதீங்க, ஆஸ்துமா இருக்கிறவங்க கையே வைக்காதீங்க. இதை டாக்டரா சொல்றேன்.

இப்போ ஐஎஸ்ஓ கையில இருக்கு. சின்னதாக்கி எல்லா போன், டிவியிலயும் ஓடுற மாதிரி மாத்தணும்னா ஹேண்ட்பிரேக் போதும். கமாண்ட் வேண்டியதில்ல. ஐஎஸ்ஓவைத் திறங்க, எச்.264 தேர்ந்தெடுங்க. தரம்னு ஒரு தள்ளுபட்டை இருக்கும், ஆர்எஃப்-னு போட்டிருக்கும். எண் குறையக் குறைய தரம் கூடும், கோப்பும் பெருசாகும். பழைய டிவிடிக்கு 18-ல இருந்து 20-க்குள்ள வையுங்க. ஃப்ரேம் ரேட் மூலத்துல இருக்கிற மாதிரியேன்னு விடுங்க. கை ஆட்டும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிஞ்சா அது இன்டர்லேஸ், நம்ம பழைய டிவிக்காக ஒரு படத்தை ரெண்டு பாதியா எழுதுன காலத்து வேலை. ஃபில்டர்ஸ் பக்கத்துல டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணுங்க, போயிடும். எச்.265 போட்டா இன்னும் சின்னதாகும், ஆனா பாட்டி வீட்டு டிவியில ஓடாது. யார் பார்க்கப்போறாங்கன்னு யோசிச்சு முடிவு பண்ணுங்க.

கரண்ட் அடிக்கடி போற வீடா? மாத்தும்போது எம்கேவியா எழுத விடுங்க. எம்பி4-ல வீடியோவோட அட்டவணை பெரும்பாலும் கடைசியிலதான் எழுதப்படும். தொண்ணூறு சதவீதத்துல கரண்ட் போனா அந்தக் கோப்பே திறக்காது. எம்கேவி அதுவரைக்கும் எழுதுனதை ஓட்டிக் காட்டும். முடிஞ்சப்புறம் மேல சொன்ன பாட்டில் மாத்துற கமாண்ட் போட்டு எம்பி4 ஆக்கிக்கலாம்.

மூல ஐஎஸ்ஓவை அழிச்சிடாதீங்க. ஒரு டிவிடிக்கு 4.7 ஜிபிக்கு மேல போகாது (ரெட்டை அடுக்கு டிஸ்க்னா 8.5). ஒண்ணு வீட்டுல, இன்னொண்ணு வேற ஹார்ட்டிஸ்க்ல, மூணாவது வேற ஊர்ல. என்னோட மூணாவது காப்பி திருநெல்வேலியில மாமியார் வீட்டு மாடியில இருக்கு. கீழ்வீட்டுல கிடையாது, கவனிங்க.

அப்புறம், ஆன்லைன்ல "ஃப்ரீ கன்வெர்ட்டர்"னு தேடி வர்ற முதல் தளத்துல குடும்ப வீடியோவை ஏத்தாதீங்க. 2025 மார்ச்ல அமெரிக்க எஃப்பிஐயோட டென்வர் அலுவலகமே இந்தத் தளங்கள் வழியா வைரஸ் பரவுதுன்னு எச்சரிக்கை குடுத்துச்சு. ஜூனியர் டாக்டர்களுக்குத் தனியா சொல்றேன்: எக்கோ, ஸ்கேன், ஆபரேஷன் வீடியோவை அந்தத் தளங்கள்ல ஏத்துறது நோயாளியோட ரகசியத்தைத் தெருவுல போடுறது. உங்க லேப்டாப்லயே எஃப்எஃப்எம்பெக் செய்யும். ஸ்கேன் படத்து மூலையில நோயாளி பேரு எழுதியிருந்தா, மெட்டாடேட்டாவை அழிச்சா மட்டும் அந்தப் பேரு போகாது, அந்த ஓரத்தை வெட்டணும்.

லினக்ஸ் எப்படி ஆரம்பிக்கிறது? தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது புதுசு இல்ல. 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த மாடல் உண்டு. சிடாக் உருவாக்குனது. நிறைய பேர் அதைத் திறக்காமலே அழிச்சாங்க. 2018-ல வந்த பதினொண்ணாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்துல உபுண்டு பாடமா இருக்கு. வீட்டுல பிளஸ் ஒன் பிள்ளை இருந்தா அவங்க புத்தகத்தை வாங்கிப் பாருங்க.

நான் பழைய லேப்டாப்புக்குச் சொல்றது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ராமுக்குள்ள ஓடும், 4 இருந்தா நிம்மதி. 22-ங்கிற பதிப்புக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. பென்டிரைவ்ல ஏத்தி (விண்டோஸ்ல இருந்து ரூஃபஸ் வெச்சு ஏத்தலாம்), லேப்டாப் ஆன் ஆகும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் அழுத்தினா பென்டிரைவ்ல இருந்தே ஓடும். ஹார்ட்டிஸ்க்ல ஒரு எழுத்துகூட மாறாது. வைஃபை, சவுண்ட், டிவிடி டிரைவ் மூணும் வேலை செய்யுதான்னு ஒரு வாரம் பாருங்க. பிடிச்சா நிறுவுங்க. நிறுவுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் காப்பி எடுத்துடணும், "இரேஸ் டிஸ்க்"ன்னு ஒரு தேர்வு வரும், அதுக்கு அர்த்தம் அதேதான்.

லினக்ஸ் "கத்துக்கணும்"னு உட்கார்ந்தா ஒரு வாரத்துல எழுந்திருப்பீங்க. ஒரு வேலையை வெச்சுக்கிட்டு உட்காருங்க. "சித்தி கல்யாண டிவிடி அஞ்சையும் இந்த மாசத்துக்குள்ள மாத்தணும்"னு. கோப்பு பட்டியல் பார்க்க எல்எஸ், ஃபோல்டர் மாற சிடி, காப்பிக்கு சிபி, நகர்த்த எம்வி, உதவிக்கு மேன். அஞ்சு வார்த்தை. ஆர்எம் மட்டும் பார்த்து, குப்பைத்தொட்டி எல்லாம் கிடையாது, போனா போனதுதான். யூட்யூப் கமென்ட்ல யாரோ போட்ட கமாண்டை, அதுவும் முன்னாடி சூடோ இருந்தா, அர்த்தம் தெரியாம ஒட்டாதீங்க. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையைச் சாப்பிட்டுட்டு எங்ககிட்ட வர்றீங்களே, அதே கதை.

தமிழ்லயே படிக்கணும்னா கணியம் தளத்துல "எளிய தமிழில்" வரிசை மின்னூல்கள் இலவசம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இணையவழியில கூடிப் பேசுறாங்க, தமிழ்லதான். விழுப்புரத்துலயும் ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்குறாங்க. தூத்துக்குடியில நாலு பேர் சேர்ந்தா நாமளும் ஆரம்பிக்கலாம், மக்ரூன் நான் வாங்கிட்டு வர்றேன்.

வாட்ஸ்அப் பத்தி ஒரு வரி: மாத்தி முடிச்ச வீடியோவை வீடியோவா அனுப்பினா அது மறுபடி கசக்கிப் பிழிஞ்சுடும். டாக்குமென்ட்னு இணைச்சு அனுப்புங்க, 2 ஜிபி வரைக்கும் அப்படியே போகும்.

சந்தேகம் கேக்கிறவங்க "ஓடலை"ன்னு மட்டும் எழுதாதீங்க. டிஸ்க் விசிடியா டிவிடியா, லேப்டாப்ல எவ்வளவு ராம், திரையில வந்த எரர் என்ன, இதை அப்படியே எழுதுங்க. இன்னைக்கு நைட் டூட்டி. காலையில எட்டு மணிக்கு மேல ஒவ்வொண்ணா பதில் போடுறேன்.